போகிக்குத் தப்பிய படங்கள்

எக்ஸ்ரே படம் எரிகிற வாசனை எனக்குத் தெரியும். டயர் எரிந்தால் மூக்கோடு போய்விடும். கோணி எரிந்தால் கண்ணோடு. படம் எரிந்தால் மட்டும் தொண்டையின் பின்பக்கம் ஒரு புளிப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். காபி குடித்தாலும் இறங்காது. சித்தூரில், போகி விடியலில், எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசலில் அந்த வாசனை எழுந்தாலும் வாயில் பற்பசை நுரையோடு வெளியே வந்து நிற்கிறேன். யாருடைய நெஞ்சு அது, யாருடைய இடுப்பு, யாருடைய வயிறு என்று புகையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். போகியன்று பழைய பாயும் தேய்ந்த துடைப்பமும் மட்டும் எரிந்தால் போதாது. அந்த வருடம் வீட்டுக்குள் வந்த நோயின் காகிதமும் எரிய வேண்டும். மருந்துச் சீட்டு, ரத்தம் பார்த்த தாள், படம், எல்லாம். சங்கராந்திச் சூரியன் எட்டிப் பார்க்கும்போது நோயின் பெயர் எழுதிய எதுவும் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது. இருந்தால் அது இன்னொரு வருடம் தங்கிவிடும்.

என் அக்கா இதை விடாமல் செய்கிறவள். நகரிக்குப் பக்கத்தில் கரும்பு வைக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னதால் சித்தூருக்கு வரவழைத்து ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலில் நீர்க்கட்டி என்றார்கள். உள்ளே வெறும் தண்ணீர்தான், ஒன்றும் செய்யாது, வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடமும் பார்த்தோம். அதே பேச்சு. இரண்டு முறையும் கையில் கொடுத்த படங்களை அவள் அந்தந்தப் போகியில் போட்டுவிட்டாள். நல்லா சுருண்டு சுருண்டு எரிஞ்சுதுடா என்று போனில் சிரித்தாள்.

மூன்றாவது முறை ஐப்பசி மழையில் வந்தாள். சித்தூரில் ஸ்கேன் எடுக்கிற டாக்டர் வாய் ஓயாதவர். கரும்பு விலையைப் பற்றி அவளிடம் கேட்டுக்கொண்டே வயிற்றின் மேல் கருவியை ஓட்டிக்கொண்டிருந்தவர், பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டார். கருவி ஒரே இடத்தில் நின்றது. சாய்ந்தது. திரும்ப அதே இடத்துக்கு வந்தது. திரை இடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றிருந்த எனக்கு மின்விசிறியின் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது. கரும்பு விலை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. திருப்பதியில் பெரிய இடத்தில் காட்டிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

திருப்பதி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு மொட்டைத் தலையைப் பார்த்தால் வேண்டுதலா வைத்தியமா என்று சட்டென்று தெரியாது. சந்தனம் பூசியிருந்தால் மூச்சு விடலாம். அன்று எங்களுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தலையில் சந்தனம் இல்லை. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பின்னலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நுனியைப் பிரித்துப் பிரித்துப் பின்னினாள்.

கல்லீரல் டாக்டர் அக்காவின் வயதை ஒத்த அம்மாள். தெலுங்கில் தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்து, கஷ்டமான இடங்களில் தெலுங்குக்கே திரும்பிவிடுகிறவர். தாளில் ஒரு வட்டம் போட்டார். இதுதான் கட்டி. வட்டத்துக்குள் ஒரு கோடு போட்டார். இது ஒரு தடுப்பு. சாதாரண நீர்க்கட்டிக்குள் இப்படிச் சுவர் இருக்காது. இந்த மாதிரிக் கட்டிகளில் சில மெல்ல மெல்லப் புற்றாக மாறும், எல்லாம் மாறாது.

அக்கா அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏம்மா, ஈரலுக்குள்ளயும் பாகப் பிரிவினையா?" என்றாள்.

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பழைய படங்கள் இருக்கின்றனவா என்று அவர் கேட்டதும் அக்காவும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

எரிந்துவிட்டது என்றாள். வீடு தீப்பிடித்ததா என்று டாக்டர் பதறிப்போய்க் கேட்டார். இல்லை, போகி என்றேன் நான். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சுவர் முதல் படத்திலேயே இருந்திருந்தால் எனக்குப் பாதிக் கவலை இல்லை, இப்போது புதிதாக எழும்பியது என்றால் கவலை அதிகம், எது என்று சொல்ல எனக்குப் பழைய கட்டியைப் பார்த்தாக வேண்டுமே என்றார், எங்களிடம் அல்ல, அந்த வட்டத்திடம் சொல்வது போல.

சித்தூர் ஸ்கேன் சென்டருக்கு மறுநாளே ஓடினேன். இயந்திரம் மாற்றியிருந்தார்கள். பழையதில் இருந்தது பழையதோடு போயிற்று. கவுண்டரில் இருந்த பெண் மிக மரியாதையாக, உங்களிடம் கொடுத்திருப்போமே சார், வீட்டில் தேடிப் பாருங்கள் என்றாள். எங்கே தேடுவது. சாம்பலை அக்கா வாழைக்குப் போட்டிருந்தாள்.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, தாலி, மெட்டி எல்லாம். மெட்டியைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள், தாலியில் கை வைத்து நின்றுவிட்டாள். மாமாவால் வர முடியவில்லை. கரும்பு ஆலைக்கு வண்டி போகிற நேரம். நான் வெளியே போய் மஞ்சள் கயிறும் ஒரு விரலி மஞ்சளும் வாங்கி வந்தேன். திருப்பதியில் அதற்கு அலைய வேண்டியதில்லை. அதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் இதைக் கழற்றினாள். கைக்குட்டையில் முடிந்து என் கையில் கொடுத்தாள். சட்டைப் பையில் வைத்தேன். நெஞ்சுக்கு மேல் அந்தக் கனம். அக்காவின் தாலி தம்பியின் பையில் இருப்பது எந்தக் கணக்கிலும் சேராத ஒன்று; அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போல் கையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் அடிக்கத் தொடங்கியது. தடதட, தடதட, நடுவில் ஒரு நிறுத்தம், பிறகு வேறு தாளம். எனக்குப் பழக்கமான சத்தமாக இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை. வெளியே வந்ததும் அவளே சொன்னாள், நகரியில் தறி ஓடும் கொட்டகைக்குள் மல்லாக்கப் படுத்த மாதிரி இருந்ததாம். மூச்சைப் பிடி, விடு என்று ஒருவன் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தானாம். அவன் விடு என்று சொல்ல மறந்துவிடுவானோ என்பதுதான் பயமாம்.

முடிவு வந்தது. அதில் முடிவு இல்லை. ஆட்டுமந்தை நாய்களிடமிருந்து வரும் பூச்சிக்கட்டி அல்ல என்று ரத்தம் சொல்லிவிட்டது. புற்று என்று சொல்லப் போதுமான அடையாளம் படத்தில் இல்லை. இல்லை என்று சொல்லவும் அந்தச் சுவர் விடவில்லை. ஊசி விட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். கூடாது, ஒருவேளை அதுவாக இருந்தால் ஊசி போன வழியிலேயே சிந்திவிடும் என்றார் டாக்டர். இரண்டு வழி இருந்தது. கல்லீரலின் ஒரு பகுதியோடு கட்டியை இப்போதே வெட்டி எடுப்பது. அல்லது இன்றைய படத்தை முதல் படமாக வைத்து, மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. மாறியிருந்தால் வெட்டு. அதற்கு மேல் தள்ள முடியாது.

அக்கா விரல் விட்டு மாதத்தை எண்ணினாள். "நடுவுல போகி வருதே" என்றாள்.

"எரிக்காதீங்கம்மா" என்றார் டாக்டர். கை கூப்பியே சொன்னார்.

படத்தை நான் சித்தூருக்கு எடுத்துப்போகிறேன் என்றேன். பிடுங்கிக்கொண்டாள். "என் வவுத்த நீ இன்னாத்துக்கு தூக்கிக்கினு போற?"

அந்த மூன்று மாதத்தை எப்படி எழுதுவது. பகல்கள் நடந்தன. நான் தினமும் சாயங்காலம் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்பாள். எவ்வளவு என்பேன். இட்லி கணக்கு சொல்வாள். ஒரு இட்லி குறைந்தால் என் இரவு போயிற்று. கண்ணாடியில் என் கண்ணின் வெள்ளையைக்கூடப் பார்த்துக்கொண்டேன், மஞ்சள் தெரிகிறதா என்று. நோய் அவளுக்கு, பார்வை எனக்கு. நான் கவிதை எழுதுகிறவன்; எதை எழுத உட்கார்ந்தாலும் ஒரு வட்டம் வந்தது. வட்டத்துக்குள் ஒரு கோடு.

போகிக்கு முந்தின நாள் போனில் அவள் குரல் சரியில்லை. படம் பத்திரமா என்று கேட்டேன். பேச்சை மாற்றினாள். இன்னும் ஒருமுறை கேட்டேன். "வச்சா வருது, எரிச்சா போவுதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் விடியுமுன்னே முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் வாசல்களில் நெருப்பு. பஸ் ஜன்னலை மூடினாலும் புகை வந்தது. ஊர் முனையில் இறங்கியபோது வெளுத்துக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுத் தெருவில் திரும்பியதும் தொண்டைக்குள் அந்தப் புளிப்பு.

ஓடினேன். இந்த வயதில் என் உடம்பு ஓடியதை அந்தத் தெரு நாய்கள்கூட நம்பவில்லை. வாசலில் நெருப்பு அடங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு தென்னை மட்டையால் கிளறிக்கொண்டிருந்தாள். நடுவில் கருநீலமாக ஒன்று சுருண்டு, குமிழ் விட்டு, உருகிக்கொண்டிருந்தது. அவளிடமிருந்து மட்டையைப் பிடுங்கி அதை வெளியே தள்ளினேன். கையாலும் எடுத்தேன். விரல் சுட்டது. எரியாத மூலையைத் தூக்கி வானத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"அது உங்க மாமா முட்டிடா" என்றாள்.

எலும்புதான். போன போகிக்கு அப்புறம் மாமா வழுக்கி விழுந்தபோது எடுத்தது. திண்ணென்று இரண்டு எலும்பு, நடுவில் ஒரு இடைவெளி. பின்னால் மாமா நின்றுகொண்டு, என் முட்டி போனா உனுக்கு இன்னா அவ்ளோ துக்கம் மாப்ள என்று கேட்டார். உன் படம் எங்கே என்று அக்காவைக் கேட்டேன்.

அவள் என் கையிலிருந்த மட்டையை வாங்கிக் கீழே போட்டுவிட்டு முன்னால் நடந்தாள். கரும்புக்கு நடுவில் வரப்பு. பனி முழங்கால் வரை நனைத்தது. மோட்டார் அறையைத் திறந்தாள். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேல் ஆணியில், யூரியா சாக்கில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது அவள் படம் இருந்த பை.

"வூட்டுக்குள்ள இருந்தாதான தப்பு. இது கொல்லையில கீது" என்றாள்.

நான் மோட்டார்த் தண்ணீர் விழும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் உட்கார்ந்தாள். என் சுட்ட விரலை எடுத்துத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மொதல்ல எரிக்கத்தான் எடுத்தேன். நெருப்பு கிட்ட வரைக்கும் போனேன். எரிச்சா பயம் போய்டும். கட்டி போவாதில்ல?"

தை பிறந்து சில நாட்களில் திருப்பதி. மறுபடியும் மஞ்சள் கயிறு, மறுபடியும் என் பையில் அந்தக் கனம், சுவருக்குப் பின்னால் தறி. டாக்டர் விளக்குப் பெட்டியில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் செருகினார். ஒன்று மழைக்காலத்து அக்கா. ஒன்று தை மாதத்து அக்கா. பென்சில் முனை இங்கே ஒருமுறை, அங்கே ஒருமுறை. அளந்தார். மறுபடி அளந்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு தணிந்த குரலில் பேசினார்கள். அந்த முதுகுகளில் எழுதியிருப்பதைப் படிக்க நான் என் ஆயுளின் படிப்பையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நகம் இறங்கியது.

திரும்பினார்கள். கட்டி வளரவில்லை. சுவர் தடிக்கவில்லை, படத்துக்காக ஊசியில் ஏற்றிய மருந்து அதில் ஏறிப் புதிதாக எதுவும் மின்னவில்லை. இரண்டும் ஒரே படம்தான் என்றார் டாக்டர்.

"அப்போ அது இல்லியாம்மா?"

"இன்னைக்கு இல்ல."

அந்த இன்னைக்கு என்ற சொல்லை அக்கா வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். டாக்டர் மற்றதையும் சொன்னார். ஆறு மாதம் கழித்து மறுபடி. பிறகும் பார்க்க வேண்டும். சுவர் அசைந்தால் அன்றைக்கே வெட்டு. அசையாத வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பது. வரும்போதெல்லாம் இந்தப் படங்கள் கூடவே வர வேண்டும், பயப்படகண்டி, பயம் வேண்டாம், ஆனால் மறக்கவும் வேண்டாம்.

வெயிலுக்கு வந்தோம். நேற்று ராத்திரியிலிருந்து பட்டினி, மொதல்ல துன்னலாம் வா என்றாள். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் அவள் இட்லியை நான் எண்ணவில்லை. எண்ணாமல் இருந்ததை அவள் கவனித்தாள். இன்னா, கணக்கு மறந்துட்ச்சா என்று கேட்டுவிட்டு இன்னொரு இட்லி வாங்கினாள். கைக்குட்டையை அவிழ்த்துத் தாலியைக் கொடுத்தேன். தண்ணீர்க் குழாய் பக்கம் திரும்பி நின்று போட்டுக்கொண்டாள். மஞ்சள் கயிற்றை அவிழ்க்கவில்லை.

அவளுக்குப் புத்தூர் வழியாக நகரி பஸ். எனக்குச் சித்தூர் பஸ் எதிர் வரிசையில். அவள் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தான். பஸ் உறுமியது. அப்போது அந்தப் பெரிய படப் பையை ஜன்னல் கம்பிக்கு இடையில் வளைத்து, மடித்து, என் கைக்குத் தள்ளினாள்.

"இந்தா நைனா, நீயே எடுத்துக்கினு போ. என் வூட்ல இருந்தா வர போகிக்கு என் கை சும்மா இருக்காது."