பதினொரு புத்தகங்களின் வில்லன்

காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் இடத்தில் அவரை எல்லாரும் உறைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் ஆயிரத்து நூற்று நாற்பது காமிக்ஸ் புத்தகங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறைக்குள், பின்னால் ஓர் அட்டை முட்டுக் கொடுத்து, இரும்பு பீரோவில் நின்றபடி இருக்கும். படுக்க வைத்தால் முதுகு வளைந்துவிடுமாம். பெற்ற பிள்ளையைக்கூட இந்த மனுஷன் இப்படிப் பார்த்ததில்லை என்பாள் மனைவி. பிள்ளையும் அதை மறுத்ததில்லை.

பிழைப்பு கண்ணாடிக் கடையில். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. இருபத்தெட்டு வருடமாக அதே கடை, அதே மேசை. லென்ஸில் ஒரு விரல் பட்டால் போதும், உடனே துணியை எடுத்துவிடுவார். புத்தகத்தை எடுப்பதற்கும் அதே சட்டம்தான்: கையைக் கழுவு, துடை, காயவிடு, அப்புறம் தொடு. ஐம்பத்து மூன்று வயதாகியும் இதில் ஒரு நாள் தவறியதில்லை. நல்ல மனுஷன்தான், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்தான். ஆனால் அடுத்தவனுக்கு ஒரு கைதட்டல் கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. இதை அவரே ஒப்புக்கொள்ள மாட்டார், அதனால் நான் சொல்லவேண்டியிருக்கிறது.

ரசிகர் கூட்டம் வருடத்துக்கு ஒரு முறை, வாடகை மண்டபத்தில், இரண்டு நாள் நடக்கும். கீழே பழைய புத்தக மேசைகள், அட்டையில் கவசம் செய்து மாட்டிக்கொண்டு வியர்த்து வழிகிற பெரியவர்கள், அவர்களோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்கிற சிறியவர்கள். மாடியில் ஓர் அறை. ஆறு வருடமாக அந்த அறைக்கு ஆய்வரங்கு என்று பெயர். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை ஒலிப்பதிவுக் கருவியும் கேள்வித்தாளுமாக வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அந்தப் பெயர். நீங்கள் முதலில் படித்த காமிக்ஸ் எது, அதை உங்களுக்கு யார் கொடுத்தார்கள், அந்தப் பிரதி இப்போது எங்கே என்று கேட்பார். ரசிகர்கள் சொல்வதையெல்லாம் குறித்துக்கொண்டு போய்க் கட்டுரையாக்கி, அடுத்த வருடம் அதே மாடியில் வாசிப்பார். யாரைப் பற்றி வாசிக்கிறாரோ அவர் மேடையில் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம்.

உறைக்காரருக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான். கிடைத்ததெல்லாம் மற்றவர்களுக்கு. ஒரு வருடம் வாசகர் கடிதம் எழுதியே காலத்தை ஓட்டிய தபால்காரர். போன வருடம் முகமூடி தைக்கிற பேருந்து ஓட்டுநர். கட்டுரை, படங்கள், கைதட்டல், எல்லாம் அந்த ஓட்டுநருக்கு. "முகமூடி தைக்கிறவனுக்கெல்லாம் கட்டுரையாம். நாளைக்கு மூஞ்சி கழுவுறவனுக்கும் எழுதுவாங்க" என்று வீட்டுக்கு வந்து பொருமினார். மனைவி, "உங்களுக்கு ஏன் எரியுது? நீங்களும் தைங்களேன்" என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் அவளோடு பேச்சு வார்த்தை இல்லை.

இந்த வருடம் ஒரு கை பார்த்துவிடுவது என்று, எந்த இதழ் எந்த ஆண்டு மறுபதிப்பானது, எந்தப் பதிப்பில் அட்டை நீலம் வெளிறியது என்று அறுபத்திரண்டு பக்கக் கோப்பு ஒன்று தயாரித்தார். முதல் நாள் காலையில், மண்டபம் திறந்ததும் பேராசிரியையின் முன்னால் போய் உட்கார்ந்தார். அவர் பொறுமையாகக் கேட்டார். ஏழாவது நிமிடம், "ரொம்ப உழைச்சிருக்கீங்க. உங்க புத்தகத்துல நீங்க எப்பவாவது ஏதாவது எழுதியிருக்கீங்களா? கிறுக்கல், பெயர், ஏதாவது?" என்றார்.

"ஐயோ, என் புத்தகத்துல ஒரு புள்ளிகூட இருக்காது மேடம்" என்றார் இவர் பெருமையாக.

"ஓ" என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஓ இருக்கிறதே, அது உறைக்காரரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

கீழே அவருடைய மேசையைத் தங்கைதான் வருடா வருடம் பார்த்துக்கொள்வாள். அவரைவிட நாலு வயது இளையவள். மருத்துவமனையில் சீட்டு எழுதுகிற சன்னலில் வேலை. பெயர், வயது, என்ன தொந்தரவு என்று நாள் முழுக்க எழுதித் தருவாள். அண்ணனுக்காக இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பாள். இந்த முறை வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்ததில் கிடைத்த பதினொரு பழைய புத்தகங்களையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று எண்ணம்.

அவற்றைப் பார்த்ததும் அவருக்கு மானம் போயிற்று. சிறுவயதில் அவள் கெடுத்துவைத்தவை அவை. காமிக்ஸில் பாத்திரங்கள் பேசுவது ஒரு வெள்ளைக் குமிழுக்குள் அச்சாகியிருக்கும் இல்லையா? அந்தக் குமிழ்களின் மேலெல்லாம் நோட்டுத்தாளை வெட்டிக் கோந்தால் ஒட்டி, அதில் தன் இஷ்டத்துக்குப் பேனாவால் எழுதிவைத்திருந்தாள். "பதினொரு புத்தகம் தங்கச்சிக்குத் தானம் பண்ணேன்" என்று அவர் நாற்பது வருடமாகச் சிரித்துச் சொல்லும் கதை இதுதான். "இதை யார் கண்ணுலயும் படவைக்காதே. மேசைக்கு அடியில தள்ளு" என்றார். அவளும் தள்ளினாள்.

மத்தியானம் தங்கை தேநீர் குடிக்கப் போயிருந்தபோது பேராசிரியை அந்தப் பக்கம் வந்தார். தேடித் தேடிப் பழகிய கண். மேசையின் மேல் வரிசையாக நின்ற உறைகளை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் குனிந்து அடியில் இருந்த பெட்டியை இழுத்தார். ஒன்றைத் திறந்தார். நின்றபடியே நாலு பக்கம் படித்தார். தனியாகச் சிரித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பேராசிரியை, தரையில்!

"படிக்கிறவங்க புத்தகத்தைத் தங்களோடதா மாத்திக்கிறது. ஆறு வருஷமா நான் தேடிக்கிட்டிருக்கிறது இதைத்தான். இந்த வில்லன் இருக்கானே, பிரமாதம். அடுத்த வருஷம் வரைக்கும் எதுக்கு? நாளைக்கே மேடையில அரை மணி நேரம் இதையே வெச்சுப் பேசலாம். இதை யார் எழுதினது?"

என் தங்கச்சி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பது போல் ஒரு காட்சி அவர் கண்முன் வந்தது. உள்ளே பற்றிக்கொண்டது. காசு சேர்த்து வாங்கியவர் இவர், காத்தவர் இவர், அறுபத்திரண்டு பக்கம் எழுதியவர் இவர். கெடுத்தவளுக்கு நாற்காலியா? தபால்காரர், ஓட்டுநர், இப்போது இவளுமா?

"நான்தான் மேடம். சின்ன வயசுல" என்றது அவர் வாய்.

"காலைல புள்ளிகூட இல்லைன்னீங்க?"

"கூச்சம். அதான் சொல்லலை."

பேராசிரியை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். உறைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் பேருந்தில் தங்கையிடம் விஷயத்தைச் சொன்னார். சொல்லாமல் முடியாது, அவளும் நாளைக்கு அங்கேதானே இருப்பாள். சன்னலைப் பார்த்தபடி, ஏதோ கடைக்குப் போய்வந்த கதை மாதிரி சொல்லி முடித்தார்.

"சரிண்ணா. உனக்கு அவ்வளவு ஆசைன்னா நீயே போய் உக்காரு" என்றாள். "ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுட்டுப் போ."

"எனக்குத் தெரியாத புத்தகமா? கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன், எந்தப் பக்கத்துல யார் என்ன பேசுறான்னு."

"அது அச்சடிச்சது" என்றாள். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவருக்கு அது காதிலேயே ஏறவில்லை. மறுநாள் எந்தச் சட்டை போடுவது என்ற யோசனையில் இருந்தார்.

மறுநாள் மாடியறை நிறைந்து வழிந்தது. தபால்காரர் முன் வரிசையில். பேருந்து ஓட்டுநர் அவருக்குப் பக்கத்தில். உறைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். பார்த்துக்கோங்கடா என்ற பார்வை. தங்கை கடைசி வரிசையில் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பேராசிரியை புத்தகத்தின் பக்கங்களைத் திரையில் பெரிதாகக் காட்டி, ஒலிவாங்கியை இவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே உங்க குரல்ல வாசிங்க."

கடல் கொள்ளைக்காரன் ஒருவன் புதையல் பெட்டியின் மேல் காலை வைத்துக்கொண்டு நிற்கிறான். அச்சில் அவன் என்ன பேசுவான் என்பது இவருக்கு மனப்பாடம். ஆனால் திரையில் கோணல்மாணலான கையெழுத்தில் வேறு இருந்தது. வாசித்தார்.

"கையைக் காட்டு. நகத்துல அழுக்கு இருக்கு. என் பெட்டியைத் தொடாதே."

எதிரில் துப்பாக்கியோடு நிற்கும் வீரன் சொல்கிறான்: "ஒரே ஒரு பக்கம் பாத்துட்டுத் தந்துடறேன் அண்ணா."

அறை கொல்லென்று சிரித்தது. உறைக்காரரும் சிரித்தார், பாதி. அடுத்த கட்டத்தில் கொள்ளைக்காரன் சொல்கிறான்: "உனக்குப் படிச்சாலும் புரியாது. போய்ப் பாத்திரம் கழுவு." வீரன்: "போன வாரம் அட்டையைக் கிழிச்சது நீ. அடி வாங்கினது நான். இன்னைக்குக் கணக்குத் தீர்க்க வந்திருக்கேன் அண்ணா."

சிரிப்பு ஓயவில்லை. தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் அவசரமாக அடுத்த பக்கத்தைக் காட்டச் சொன்னார். பக்கத்துக்குப் பக்கம் அதே கொள்ளைக்காரன், அதே அண்ணன்.

பேராசிரியை ஆர்வமாகச் சாய்ந்து கேட்டார். "உங்களை இப்படிப் படுத்தின அந்த அண்ணன் இப்போ எங்க இருக்காரு?"

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. ஓர் அண்ணனை உண்டாக்கி, செத்துப்போய்விட்டார் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். கடைசி வரிசையில் தங்கை தலைகுனிந்து கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. காட்டிக்கொடுக்கிற எண்ணமே அவளுக்கு இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"நான்தான் அண்ணன்" என்றார். "எழுதினது என் தங்கச்சி. அதோ, கடைசில."

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ அவளை எழுப்பி முன்னால் அனுப்பினார்கள். பேராசிரியை இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த இக்கட்டிலும் உறைக்காரர், தன்னுடையதைவிட அது நல்ல நாற்காலி, கை வைத்தது, என்று கவனித்தார். தங்கை ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். எங்கே நிறுத்தவேண்டும், எங்கே குரலைத் தாழ்த்தவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கூட்டம் அவள் பின்னாலேயே போயிற்று. இவருக்கு வயிறு எரிந்தது. அவமானத்தில் செத்துக்கொண்டிருக்கும்போதும் எரிந்தது.

கடைசி ஆறு பக்கங்கள் வந்தன. குமிழ்களின் மேல் தாள் ஒட்டியிருந்தது. எழுத்து இல்லை.

"இதை ஏன் எழுதாம விட்டீங்க?" என்றார் பேராசிரியை.

"அன்னைக்கு அண்ணன் பாத்துட்டான். பிடுங்கிட்டுப் போயிட்டான். ரெண்டு நாள் கழிச்சு எல்லாத்தையும் மூஞ்சில வீசினான், குப்பை, நீயே வெச்சுக்கன்னு. எனக்கு அப்போ ஒம்பது வயசு. குப்பைன்னு நம்பிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எதுவும் எழுதலை."

பேராசிரியை ஒலிப்பதிவுக் கருவியை இவர் பக்கம் நகர்த்தினார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்கிற குரலில்தான் கேட்டார். "புத்தகம் கெட்டுப்போச்சுன்னுதான் பிடுங்கினீங்களா?"

ஆமாம் என்றால் முடிந்தது. நாற்பது வருடமாகச் சொல்லிவருவதும் அதுதான். ஆனால் அறை முழுக்கத் தங்கையின் பேச்சுக்குச் சிரித்து முடித்திருந்தது, அந்தப் பொய்க்கு இனி அங்கே இடமில்லை.

"இல்லை" என்றார். "பிடுங்கினப்போ ஒரே ஒரு குமிழைப் படிச்சேன். சிரிப்பு வந்துடுச்சு. எனக்கு அந்த மாதிரி வராது. எவ்வளவு முயற்சி பண்ணாலும் வராது. வயித்தெரிச்சல். அதுக்கப்புறம் நான் அதுல எதையும் திறக்கலை."

தங்கை திரும்பினாள். "எதைண்ணா படிச்சே?"

அவர் திரையைப் பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் கத்தியை உருவிட்டு நிப்பாங்க. பின்னாடி ஒரு குதிரை. அச்சுல குதிரைக்குப் பேச்சே கிடையாது. நீ தனியா ஒரு குமிழ் வெட்டி ஒட்டியிருந்தே. 'ரெண்டு பேரும் செத்துட்டா எனக்கு யாரு தண்ணி வைப்பாங்க?'"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. திரையைப் பார்த்து வாசிக்காமல் அவர் தானாகச் சொன்ன ஒரு வார்த்தைக்கு இத்தனை பேர் சிரித்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. தங்கை மட்டும் சிரிக்கவில்லை. ஒலிவாங்கியை மடியில் வைத்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அப்போ நல்லா இருக்குன்னு தெரிஞ்சேதான் குப்பைன்னியா?"

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.