ரோஸ் தாளின் கடைசிக் கேள்வி

என் மேசை இழுப்பறையில் ஒரு ரோஸ் நிறத் தாள் இருக்கிறது. ஓவர்டைம் சீட்டுக்காக வாங்கி மிஞ்சிய தாளில் நகலெடுத்த படிவம் அது. நாலு கேள்விகள், கீழே பேனாவால் எழுதிய பதில்கள். அந்தக் கேள்விகளை உண்டாக்கியவரை எங்கள் தொழிற்சாலையில் எல்லாரும் டைம் ஆபீஸ் அக்கா என்றே கூப்பிட்டோம். அவர் மேல் எனக்கு இருந்தது பொறாமை. கருத்து வேறுபாடு, நிர்வாக ஒழுங்கு என்று அதற்குப் பல பேர் வைத்துப் பார்த்துவிட்டேன். எதுவும் ஒட்டவில்லை.

ஆந்திர எல்லையில், வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில், கார்களுக்கு மின்கம்பி இணைப்புகள் செய்யும் தொழிற்சாலை. வேலை செய்பவர்களில் முக்கால்வாசி சுற்றுவட்டாரத்துப் பெண்கள். நான் அங்கே மனிதவள அதிகாரி, திருப்பதியில் எம்.பி.ஏ. படித்தவன், அதைத் தேவைக்கு மேலேயே சொல்லிக்கொண்டவன். அக்கா டிகிரியைப் பாதியில் விட்டவர், வருகைப் பதிவு எழுதுபவர். ஆனால் பெண்கள் என் கதவைத் தாண்டி அவருடைய ஜன்னலுக்குப் போவார்கள். ஜன்னலோரத்து மர நாற்காலியில் உட்கார்ந்து, சோறு தின்றுகொண்டே அவர் எல்லாருடைய கதையையும் கேட்பார். நான் ஏசி அறையில் ஒற்றையாகச் சாப்பிட்டபடி அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வயிறு எரியும்.

ஒருமுறை ஒரு பெண், மேற்பார்வையாளர் கெட்ட வார்த்தை பேசுகிறார் என்று புகார் கொடுத்தாள். அவரைக் கண்டித்தோம். அடுத்த வாரமே அவளை நாள் முழுக்க நின்று செய்யும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கினால் தெரிவிக்க ஒரு படிவம் வேண்டும் என்று தலைமை அலுவலகம் சொன்னது. நான் நாலு பக்கத்தில் ஆங்கிலத்தில் செய்து, பழிவாங்கலுக்குப் 'பிரதீகாரம்' என்று போட்டு அலுவலகத் தெலுங்கில் மொழிபெயர்த்து, பூட்டிய பெட்டியோடு கேன்டீனில் வைத்தேன். இரண்டு மாதம் பெட்டி காலி. எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று கூட்டத்தில் சொல்லவும் செய்தேன்.

அக்கா என் அறைக்கு வந்தார். "இன்னா சார், பிரதீகாரம்னு போட்டு வெச்சிகீறீங்க? அதுங்க சினிமாவுல கத்தி எடுத்துக்கினு வர்றதத்தான் அப்பிடி சொல்லும். லைன் மாத்தி நிக்க வெக்கிறத யாரு சார் அப்பிடி சொல்லுவாங்க?"

மறுநாள் ஒரு ரோஸ் தாளில் நாலே கேள்விகள் எழுதிக் கொண்டுவந்தார். எங்கள் எல்லையோரப் பெண்கள் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு. அதனால் கேள்விகளைப் பேச்சுத் தமிழிலேயே தெலுங்கு எழுத்தில் எழுதியிருந்தார். யாரப் பத்தி எப்போ சொன்ன? சொல்றதுக்கு முன்னாடி எங்க உக்காந்துக்கினு இருந்த, இப்போ எங்க? ஷிப்ட் மாறிச்சா? கடைசிக் கேள்வி: சொன்னதுக்கு அப்புறம் உன்கூட யாரு பேசறத நிறுத்தினாங்க?

அந்தக் கடைசிக் கேள்வியை இரண்டு முறை படித்தேன். எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. எத்தனை வருஷம் படித்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது என்பது அந்த நிமிஷமே தெரிந்தது. இவருக்கு மட்டும் எப்படித் தோன்றியது என்ற ஆத்திரம்தான் வந்தது, பாராட்டு வரவில்லை.

அதை நகலெடுத்துக் கேன்டீனில் வைத்த பிறகு, முதல் வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தபோது தாள்கள் கீழே கொட்டின. நின்று வேலை செய்த பெண்ணுக்கு அவளுடைய இடம் திரும்பக் கிடைத்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். அதற்குள் நான் படிவத்தைக் கணினியில் அடித்து, அடியில் 'தயாரித்தவர்' என்று என் பெயரைப் போட்டிருந்தேன். கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்து, சிரித்த முகத்தோடுதான் சொன்னார்: "சார், அது நான் எழுதினது. கீழ உங்க பேரு கீதே?"

திங்கட்கிழமை அவரைப் பழைய சாமான் கிடங்கின் கேட்டுக்கு மாற்றினேன். நிர்வாகத் தேவை என்று உத்தரவில் எழுதினேன். எதிரில் வந்தால் போனைப் பார்த்துக்கொண்டே போனேன். ஜன்னலோரச் சிரிப்பு நின்றது. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை பெட்டியில் ஒரே ஒரு ரோஸ் தாள். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று பெண்கள் தேர்ந்தெடுத்த ஒருத்தியிடம். தாளைச் சத்தமாகப் படிப்பது அவள் வேலை. "முன்னாடி, டைம் ஆபீஸ் ஜன்னல் பக்கம். இப்போ, ஸ்கிராப் கேட்டு, நாற்காலி இல்ல. பேசறத நிறுத்தினவங்க..." அங்கே நின்றுவிட்டாள். தாளை மேசையில் வைத்து என் பக்கம் திருப்பினாள். 'எச்.ஆர். சார்' என்று இருந்தது.

"இத எந்த ஃபைல்ல வெக்கிறது சார்?" என்று கேட்டாள்.

நானே அதை மேலாளரிடம் எடுத்துப் போனேன். நேர்மையால் அல்ல, அவள் படித்துவிட்டாள் என்பதால். அக்கா ஜன்னலுக்குத் திரும்பினார், படிவத்தில் அவர் பெயர் ஏறியது, எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. விசாரணை முடிந்ததும் மேலாளர் அந்தத் தாளை என்னிடமே கொடுத்து, வைத்துக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச காலத்தில் அக்கா சூளூர்பேட்டைப் பக்கம் வேறொரு கம்பெனிக்கு, என்னுடைய அதே பதவிக்குப் போனார். இப்போது அந்த வட்டாரத்தில் நாலைந்து கம்பெனிகளில் அவருடைய படிவம்தான் என்று கேள்விப்படுகிறேன். ஒவ்வொரு முறை கேள்விப்படும்போதும் அதே எரிச்சல்.

போன மாதம் ரேணிகுண்டா ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். ரயில் ஒரு மணி நேரம் தாமதம். இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்து, பக்கத்திலிருந்த யாரோ ஒரு பெண்ணின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இன்னா சார், நல்லா கீறீங்களா?" என்று கையை உயர்த்தினார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடமும் விட்டார். ஒரு வார்த்தை போதும், மன்னிப்புகூட வேண்டியதில்லை. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடைமேடையின் அடுத்த கோடிக்கு நடந்தேன். போனில் யாரும் இல்லை.

இன்று காலை இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். அவருக்கு நாற்காலி கிடைத்தாயிற்று, பெயரும் கிடைத்தாயிற்று. கடைசிக் கேள்விக்கு அவர் எழுதிய பதில் மட்டும் இன்னும் அப்படியே சரியாக இருக்கிறது.