விரலால் படித்த சமன்பாடுகள்

அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகல் முழுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் கிடையாது. நெய்வேலி டவுன்ஷிப்பில் இது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் பிளாக்கில் பாதி வீடு அப்படித்தான். காலிங் பெல் சுவிட்சை அணைத்துவிடுவோம். அவர் வந்து சேர்வதற்குள் அம்மா மிக்சியில் அரைக்க வேண்டியதை எல்லாம் அரைத்துவிடுவாள். விசில் வந்துவிடும் என்று பருப்பைக்கூடக் குக்கரில் வைக்க மாட்டாள். எனக்குத் தும்மல் வந்தால் கொல்லைப் பக்கம் ஓட வேண்டும். இருப்பது ஒரு கூடமும் ஒரு சமையலறையும். கூடத்து ஃபேனுக்கு அடியில்தான் அப்பா தூங்குவார்.

சுரங்கத்தில் அவருக்கு கன்வேயர் பெல்ட்டில் வேலை. கரி ஓடுகிற பெல்ட்டின் பக்கத்தில் ராத்திரி முழுக்க நிற்க வேண்டும். அங்கே கண் சொருகினால் ஆள் போச்சு. அதனால் அவருடைய பகல் தூக்கத்தை அம்மா காவல் காத்தாள். நானும் காத்தேன்.

பி.எஸ்சி. இயற்பியல் முழுவதையும் அந்தக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்துதான் படித்தேன். ஒரு சமன்பாட்டைப் பார்ப்பேன், புத்தகத்தை மூடுவேன், ஆள்காட்டி விரலால் தொடையில் எழுதிப் பார்ப்பேன். இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள விசை, மின்காந்தத் தூண்டல், லென்ஸ் சூத்திரம் எல்லாம் விரல் வழியாகத்தான் மண்டைக்குள் போயின. பரீட்சை ஹாலில் கை அது பாட்டுக்கு ஓடும். மார்க்குக்குக் குறைச்சலே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் கொழுப்பும் உண்டு.

கடைசி வருட செய்முறைத் தேர்வில் அந்தக் கொழுப்பு இறங்கியது. வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எதிரில் உட்காரவைத்து, மின்காந்தத் தூண்டலுக்கான சமன்பாட்டைச் சொல்லச் சொன்னார். தெரியாதா எனக்கு? விரல் மேஜையில் எழுதவே ஆரம்பித்துவிட்டது. கையை எடுத்துவிட்டு வாயால் சொல்லச் சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. லென்ஸ் சூத்திரத்தைக் கேட்டார். அதற்கும் அப்படியே பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"ஒண்ணுமே தெரியாமயா மூணு வருஷம் வந்துகிட்டிருந்தீங்க?" என்றார்.

அந்த ஆளை அன்றைக்குக் கடித்துக் குதறியிருப்பேன். ஆனால் அதற்கும் வாய் வேண்டுமே. செய்முறையில் ஃபெயில். பி.எட். சேர நினைத்திருந்தேன், இது தேறாமல் பட்டமே கிடையாது. டீச்சர் ஆகப் போகிறவளுக்கு வாய் திறக்கவில்லை என்றால் யார் சிரிக்க மாட்டார்கள்? நானே சிரித்தேன், பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

துறைத்தலைவர் பெரிய மனசு பண்ணி அடுத்த மாதமே இன்னொரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார். பூங்காவுக்குப் போய்ச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். நடைப்பயிற்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்பா எழுந்த பிறகு சாயங்காலங்களில் முயன்றேன். அவர் முழித்துத்தான் இருக்கிறார் என்று புத்திக்குத் தெரிகிறது, தொண்டைக்குத் தெரியவில்லை. மறுபடி நடக்கும் அந்த வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் பார்த்து அவருக்கு நைட் ஷிப்ட் வந்து தொலைத்தது.

அம்மாதான் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். காலையில் வந்தார், சாப்பிட்டார், பாயில் படுத்துத் துண்டைக் கண்ணின் மேல் போட்டுக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எங்க நான் முழிச்சிக்குவனோன்னுதான் ஒனக்கு வாய் அடைச்சுப்போச்சு. நான் படுத்திருக்கசொல்ல படிச்சாத்தான் அது போவும். நீ பாட்டுக்குச் சத்தமா படி, நான் தூங்கிக்கினே கேக்குறேன்."

"ராவெல்லாம் பெல்ட்டுகிட்ட நிக்கிற மனுசன்டி அவுரு" என்று அம்மா என் மேல் பாய்ந்தாள், ஏதோ நான்தான் அவரைக் கேட்டது போல. லீவு போடுங்கள் என்று அவரிடமும் சொல்லிப் பார்த்தாள். ஆள் இல்லை, தர மாட்டார்கள் என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

படித்தேன். முதல் நாள் காற்றுதான் வந்தது. இரண்டாம் நாள் குரல் வந்தது, எனக்கே அந்நியமான ஒரு கீச்சுக்குரல். தூண்டப்படும் மின்னியக்கு விசை என்பது காந்தப்பாயம் மாறும் வேகம், முன்னால் ஒரு மைனஸ். ஏன் மைனஸ் என்பதில் தடுமாறி நின்றேன்.

"அப்பறம்?" என்று துண்டுக்கு அடியிலிருந்து கேட்டார்.

அந்த மாற்றத்தையே அது எதிர்க்கும் என்று சொல்லி முடித்தேன். அப்பா தூங்கினால் பக்கத்து வீடு வரைக்கும் குறட்டை கேட்கும். அந்த வாரம் முழுக்க, நான் படிக்கும் நேரத்தில் குறட்டை இல்லை. தூங்குகிற மாதிரி நடிக்கக்கூடத் தெரியாத மனிதர். நிறுத்தினால் கோபித்துக்கொள்வார், படித்தால் தூங்க மாட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மத்தியானத்துக்கு மேல் நான் புத்தகத்தை மூடிய பிறகு கொஞ்சம் கண்ணயர்வார், அதற்குள் வெயில் சூடு கூரை வழியாக இறங்கிவிடும்.

தேறிவிட்டேன். அதே தேர்வாளர்தான், கேட்டதற்கெல்லாம் கணீரென்று சொன்னேன். அப்பாவும் ஷிப்ட் முடிந்து பத்திரமாகத் திரும்பினார். இரண்டையும் சொல்லிவிட்டே தேர்வுக்கு முந்தின நாளைச் சொல்கிறேன்.

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டக் குனிந்தார். நிமிரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்தபடியே தூங்கிவிட்டிருந்தார். அந்த வாரத்தில் முதல்முறையாக நல்ல குறட்டை.

அம்மா கையில் டிபன் பாக்ஸோடு நின்றாள். எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. எழுப்பாமல் விடவும் தைரியமில்லை. என்னைப் பார்த்தாள். தெருமுனையில் சுரங்கத்துக்குப் போகும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"அப்பா," என்று சத்தமாகக் கூப்பிட்டேன். "எழுந்திருங்கப்பா, பஸ் வந்துடுச்சு."

ஒரே கூப்பாட்டில் எழுந்துவிட்டார்.