மாமாவின் முழங்கால் வலி

பள்ளிவாசலின் பக்கக் கதவோரம் இன்றும் அந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் என் மாமனார் அதில் உட்கார்ந்துதான் பயான் என்னும் மார்க்க உரையைக் கேட்பார். அவருக்கு முழங்கால் வலி என்று காரைக்காலில் எங்கள் ஜமாஅத்தே நம்பியது. அவர் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம் இருந்தது.

சவுதிக்குப் போய் ஒரு வருடம்கூடத் தாங்காமல் திரும்பி வந்தவன் நான். அங்கே வேலை பார்த்த கடையில் கூட்டம் சேர்ந்தாலே நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதோ செத்துவிடப் போகிறோம் என்று தோன்றும். சோதித்த டாக்டர்கள் இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். ஏதாவது இருந்திருந்தால் ஊரில் கௌரவமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். பயந்துபோய்த் திரும்பினேன் என்று எந்த ஆம்பிளை சொல்வான்? எங்கள் வழக்கப்படி கல்யாணத்திலிருந்து பெண் வீட்டில்தான் குடியிருப்பு. வேலையில்லாமல் அங்கே உட்கார்ந்து சாப்பிட்ட சோறு தொண்டையில் இறங்காது. தெருவில் இறங்கினால், "லீவு எவ்வளவு தம்பி? எப்ப திரும்பப் போறீங்க?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சியே வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு மட்டும் போவேன். செருப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் விட்டுவிட்டுக் கதவோரம் உட்காருவேன். பயான் பாதியில் படபடப்பு ஏறும், எழுந்து ஓடிவிடுவேன்.

மாமி பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார். "அதையும் குடிங்க மாப்ள, டாக்டரையும் பாத்துருவோம்" என்று மாமா என்னை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார். தெரிந்த முகம் ஏதும் தென்படுமோ என்று நான் காத்திருப்போர் பெஞ்சில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் மாத்திரை எழுதிவிட்டுச் சொன்னார்: "நீங்க ஓட ஓடத்தான் அது பெருசாகும். ஏறுனது தானா இறங்கும். இறங்குற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க. கூட ஒருத்தர் இருந்தா நல்லது."

அடுத்த வெள்ளிக்கிழமை, எத்தனையோ வருடமாக முதல் வரிசையை விட்டுக்கொடுக்காத மாமா, கதவோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அவர் காலருகே. பயான் பாதியில் எனக்குப் படபடப்பு ஏறியபோது குனிந்து, "இறங்கிரும் மாப்ள, இருங்க" என்றார். அடுத்து வந்த குத்பா உரையின்போது யாரும் பேசக் கூடாது என்பதால் தோளில் கையை மட்டும் வைத்திருந்தார். தொழுகைக்கு எழுந்து என் தோளோடு தோளாகக் கடைசி வரிசையில் நின்றார். "முழங்காலா?" என்று கேட்டவர்களுக்கு, "வயசாவுதுல்ல" என்று சிரித்தார்.

ஊர் தானாகவே ஒரு கதையைக் கட்டிக்கொண்டது. "மாமனாரை விட்டு நகராம பாத்துக்கிறீங்களே, மருமவன்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். நான் தலையாட்டினேன். கூசியது, ஆனாலும் தலையாட்டினேன். ஓடாமல் உட்காரப் பழகிய பிறகு, முதல் வரிசையை எனக்காக விட்டுவிட்டீர்களே என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். "அங்க எடம் புடிக்க ஆளு நெறைய இருக்கு மாப்ள" என்றார்.

அவர் மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு வந்த முதல் ஜும்ஆ. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, "இனி இது யாருக்கு?" என்றார். பக்கத்தில் நின்ற பெரியவர் என் கையைப் பிடித்து, "மனுசன் முழங்காலோட பட்ட கஷ்டத்துக்கு நீங்கதான் ஊனுகோலா இருந்தீங்க" என்று கண்கலங்கினார். வழக்கம்போலத் தலை ஆடப் பார்த்தது.

"அவுங்களுக்கு முழங்கால்ல ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "எனக்குத்தான் நோய். கூட்டத்துல உக்கார முடியாத பயம். மாத்திரை சாப்புடுறேன். நான் எழுந்து ஓடிறக் கூடாதுன்னுதான் அவுங்க இங்க உக்காந்தாங்க."

காது சுட்டது, நெஞ்சு அடித்துக்கொண்டது. பெரியவர் என் கையை விட்டாரா, பிடித்திருந்தாரா என்றுகூட நினைவில்லை. மோதினார் நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்தார். நான் அதன் காலருகே உட்கார்ந்தேன். தோளில் கை இல்லை. படபடப்பு ஏறியது. செருப்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. இறங்கும்வரை இருந்தேன்.