புகை வராத கரியும் அக்காவின் காலிப் பையும்

மகள் பிறந்த மறுநாளே நிபோங் திபாலிலிருந்து அக்கா போன் போட்டாள். வாழ்த்தெல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"டேய், உன் ப்ளாட்டுல கரி போட முடியுமா? பிள்ளை பெத்த உடம்புடா. கல்லைச் சூடு பண்ணி இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கணும். முடியாதுன்னா சொல்லு, ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்துடறேன். நாப்பது நாள்."

நாற்பது நாளா! எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. எனக்கோ கடலுக்கு இந்தப் பக்கம், தீவில் ஃபேக்டரி வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அவர்களை அங்கே அனுப்பிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் எட்டிப் பார்க்கிற விருந்தாளியாகிவிடுவேன். நான் அப்பனா, சொந்தக்காரனா?

"கரி போடறேன்க்கா, ஏன் முடியாது?" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

"பொங்கலுக்குப் போட்டியே, அதுவா?"

பொங்கலன்று பின்பக்கப் பால்கனியில் கரி மூட்டப்போய், பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி மூச்சுத் திணறி, மறுநாள் ப்ளாட் நிர்வாகம் கதவில் கடிதம் ஒட்டியது அக்காவுக்கு நன்றாகவே தெரியும்.

"புகை வராத கரி வாங்குவேன்."

"அப்படி ஒண்ணு இருக்கா? வெள்ளிக்கிழமை வர்றேன். ஒரு பொட்டுப் புகை வந்தாலும் தாயையும் பிள்ளையையும் தூக்கிட்டுப் போயிடுவேன், ஆமா."

அன்று தொடங்கியது என் கரி வேட்டை. சூப்பர் மார்க்கெட்டில் இருந்தது, வெளிநாட்டு அட்டைப்பெட்டியில், முப்பது வெள்ளிக்கு. ரெண்டு நாள்கூட வராது. தங்கத்தையா எரிக்கப்போகிறேன்? ஹார்ட்வேர் கடைக்காரர் காட்டிய கரி மலிவுதான். "புகை வருமாண்ணே?" என்றேன். "கொஞ்சமா வரும்லா" என்றார். அந்தக் 'கொஞ்சமா' போதும், என் பிள்ளை நிபோங் திபாலுக்குப் போய்விடும்.

அலைந்து களைத்து, குச்சியில் இறைச்சி குத்திச் சுடுகிற ஒரு சாத்தே கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். இறைச்சி இன்னும் வைக்கவில்லை. அடுப்பு செக்கச்செவேல் என்று இருக்கிறது, புகையைக் காணோம்! எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன். அவர் சிரித்தார். புகை வருவதெல்லாம் கொழுப்பு சொட்டுவதால்தானாம், இது தேங்காய்ச் சிரட்டைக் கரியாம். எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அக்கரையில், பட்டர்வொர்த்தில் என்றார்.

மறுநாள் காலை முதல் பெர்ரியில் மோட்டார் சைக்கிளோடு ஏறிவிட்டேன். ஒரு பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. சதுரம் சதுரமாகக் கரிக்கட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்தவர் ஒன்றைக் கேஸ் அடுப்பில் பிடித்துப் பழுக்கவைத்து என் முன்னால் நீட்டினார். புகையே இல்லை! நான் அங்கேயே மனைவிக்கு வீடியோ கால் போட்டேன்.

"பாரு! பாரு! எங்க புகை? காட்டு பார்ப்போம்!"

"முகத்தைத் தள்ளி வைங்க, மீசை பொசுங்கிடப்போகுது" என்றாள் அவள்.

பெட்டிக் கரியின் விலைக்கு ஒரு முழு மூட்டையே கொடுத்தார்கள். அதைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு பெர்ரியில் திரும்பியபோது எனக்கு நிலைகொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம், "புகையே வராதுங்க" என்றேன். அவர் நகர்ந்து நின்றுகொண்டார்.

வெள்ளிக்கிழமை அக்கா பெரிய பையோடு வந்து இறங்கினாள். கரிச்சட்டி அறைக்குள் வரவே கூடாது என்று கிளினிக் நர்ஸ் மிசி சொல்லியிருந்ததால் பால்கனியில்தான் மூட்டினேன். மேலே வெள்ளைச் சாம்பல், உள்ளே சிவப்பு. கல் காய்ந்தது. துணியில் சுற்றி மனைவியின் இடுப்பில் வைத்தோம். "அப்பாடா" என்று கண்ணை மூடினாள்.

நான் குதிக்காத குறைதான். "என்னக்கா, புகை வந்துச்சா? சொல்லுக்கா!"

அக்கா குழந்தையைக் குளிப்பாட்டி மனைவியிடம் கொடுத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பால்கனிக்கு வந்தாள். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சாம்பிராணி. சிட்டிகை போடுகிற இடத்தில் ஒரு கை அள்ளிக் கரியில் போட்டாள். புகை குபுகுபுவென்று கிளம்பியது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

"புகை வந்துடுச்சு. கிளம்பச் சொல்லு" என்றாள் அக்கா.

எனக்கு வந்ததே ஆத்திரம்! சட்டியின் மேல் மூடியை அமுக்கிவிட்டுக் கத்தினேன். "கரியிலயா வந்துச்சு? நீ போட்டதுல வந்துச்சு! ஒரு கை அள்ளியா போடுவாங்க? என்னக்கா, புத்தி கெட்டுப்போச்சா?"

"தெரிஞ்சுதான்டா போட்டேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மூணு நாளா ரூமைக் கழுவி வச்சிருக்கேன். தொட்டில் கட்டிட்டேன். கல்யாணம் ஆகி இருபது வருஷம், அந்த வீட்டுல தொட்டில் கட்டினதே இல்ல."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அக்காவும் எட்டு வருஷம் காத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அறைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "அண்ணி, அந்தப் பையில உங்க சேலையெல்லாம் இருக்கில்ல? இங்கயே இருங்க."

அக்கா பையைத் திறந்து காட்டினாள். காலி. அவர்களுடைய துணியை அடுக்கிக்கொண்டு போக எடுத்து வந்தது.

மறுநாள் காலை ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். முறைத்துவிட்டு, பிள்ளையை எப்போது காட்டுவாய் என்றாள். பிறகு அந்தக் காலிப் பையை மோட்டாரில் மாட்டிக்கொண்டு நிபோங் திபாலுக்குப் போனேன். அக்காவின் சேலைகளை அடுக்கினேன். தொட்டிலை அவிழ்த்து மேலே வைத்தேன். பட்டர்வொர்த்தில் இன்னொரு மூட்டை கரி வாங்கும்போது அக்கா போன் போட்டாள்.

"தொட்டில் கொக்கியை மறக்காம எடுத்தியாடா? நாப்பது நாளைக்கு வேணும்."