சாவி உள்ளேதான் இருக்கிறது

புதுக் காரை வீட்டுக்கு ஓட்டிவந்த நாளிலிருந்தே அதன் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. பழைய வண்டியின் சாவிக்குப் பல் இருந்தது. துவாரத்தில் நுழைத்துத் திருகினால் ஓடும், உருவினால் நிற்கும். இந்த வண்டிக்குத் தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்றைக் கொடுத்தார்கள். "இது பாக்கெட்ல இருந்தா போதும் சார். கதவு தானா திறக்கும். உள்ள உக்காந்து பட்டனை அமுக்கினா ஸ்டார்ட் ஆயிடும்" என்றாள் ஷோரூம் பெண். "யாரோட பாக்கெட்ல?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. சாவி வண்டிக்குள் இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். யார் பையில் இருக்கிறது என்று அதற்குக் கவலை இல்லை. அப்படி ஒரு பொருளை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு மனிதன் எப்படித் தூங்குவான்?

நான் முப்பத்தொரு வருடம் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வண்டித் திருட்டு விண்ணப்பங்களைப் பார்த்தவன். காரைக் காணோம் என்று வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "ரெண்டு சாவியையும் கொண்டுவந்திருக்கீங்களா?" என்பதுதான். ஒரு வண்டிக்கு இரண்டு சாவி. இரண்டையும் மேஜை மேல் வைத்தால் பாதி நம்புவேன். ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஃபைலை ஓரமாக ஒதுக்கிவிடுவேன். ஓட்டல் வாசலில் வண்டி நிறுத்தித் தருகிறவனிடம் ஒரு சாவியைக் கொடுத்தேன் என்று சொன்னவர்கள் நிறைய. "முன்பின் தெரியாத ஆள்கிட்ட சாவியைத் தூக்கிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டு, அவர்கள் தலையைக் குனிவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை இப்போது மறைப்பானேன்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. சுவருக்கு வெளியே நின்றபடியே உள்ளே இருக்கும் சாவியின் சிக்னலைப் பிடித்துக் காரைத் திறந்துவிடுகிறார்கள் என்று எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். அன்றே உளுத்தம்பருப்பு வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவைக் காலி செய்து இரண்டு சாவிகளையும் உள்ளே போட்டு மூடினேன். டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு காரின் கதவை இழுத்துப் பார்த்தேன். திறக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "டப்பாவை எடுத்துண்டு எங்க கிளம்பிட்டேள்? பருப்பை எங்க கொட்டினேள்?" என்றாள்.

போன சித்திரையில் மகளுக்குச் சீமந்தம். புடவை எடுக்க தி. நகர் போக வேண்டும். மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம் என்றேன். திரும்பி வரும்போது பைகள் இருக்கும், வெயில் வேறு, கார் எதற்கு இருக்கிறது என்றாள் மனைவி. அவள் சொன்ன கடை வாசலில் வண்டி நிறுத்த இடமே கிடையாது. கடைக்காரர்களே வேலட் பார்க்கிங் வைத்திருந்தார்கள். வாசலில் இறங்கி சாவியைக் கொடுத்தால் சீட்டு தருவார்கள். ஆள் வண்டியை ஓட்டிப்போய் இரண்டு தெரு தள்ளியிருக்கும் காலி மனையில் விட்டு வருவார். இதைக் கேட்டதிலிருந்தே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

முதல் நாள் இரவே நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். இந்த வகை வண்டிகளில் ஒரு விசேஷம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு நாம் இறங்கிவிட்டாலும் இன்ஜின் நிற்காது. கீச்கீச்சென்று கத்தும், அவ்வளவுதான். ஆனால் ஒருமுறை அணைத்துவிட்டால் சாவி இல்லாமல் மறுபடி கிளம்பாது. அப்படியானால் இன்ஜின் ஓடும்போதே வண்டியைக் கொடுத்துவிட வேண்டும், சாவி என் பாக்கெட்டிலேயே இருக்க வேண்டும். அந்த ஆள் வண்டியை மனையில் நிறுத்தலாம். அதற்கு மேல் ஓர் அடி நகர்த்த முடியாது. நகலெடுக்கவும் முடியாது. எது நடந்தாலும் இரண்டு சாவியும் என் கையில். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கும் தோன்றாத யோசனை என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கடை வாசலில் மனைவி முதலில் இறங்கி உள்ளே போய்விட்டாள். நான் டாஷ்போர்டில் கிலோமீட்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கதவைத் திறந்து பிடித்தார். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அட்டையைப் படம் பிடித்தேன். அவருக்கு இதெல்லாம் பழகியிருக்கும்.

"சாவி சார்?" என்றார்.

"உள்ளயே இருக்கு."

"எங்க சார் வெச்சிக்கீறீங்க? கண்ல படலியே."

"உள்ளதான் இருக்குப்பா. வண்டிதான் ஓடிட்டு இருக்கே, சாவி இல்லாமலா ஓடும்?"

அவர் தலையாட்டினார். சீட்டு எழுதும் மேற்பார்வையாளர் என் போன் நம்பரைக் கேட்டார். எதற்கு என் நம்பர்? வண்டி நம்பரும் போன் நம்பரும் கையில் இருந்தால் வீட்டு விலாசம் வரை கண்டுபிடித்துவிடலாமே. கடைசி எண்ணை மாற்றிச் சொன்னேன். அதற்குள் என் கார் கீச்கீச்சென்று கத்திக்கொண்டே முனை திரும்பிவிட்டது.

இரண்டாவது மாடியில் புடவைப் பிரிவு. அங்கே ஜன்னல் பக்கமாக ஒரு ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்தேன். கீழே வண்டி எடுத்துப்போன நீலச் சட்டைகள் ஐந்து, பத்து நிமிடங்களில் நடந்து திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவராக எண்ணினேன். என் ஆள் வரவில்லை. அரை மணி ஆயிற்று. மனைவி மாம்பழ மஞ்சளையும் அரக்கையும் தோளில் போட்டுக்காட்டி எது என்றாள். இரண்டும் நன்றாக இருக்கிறது என்றேன், பார்க்காமலே. ஒரு மணி ஆயிற்று. வண்டியை அணைக்காமலே ஓட்டிக்கொண்டு போயிருந்தால்? இதை நான் யோசிக்கவே இல்லை. டாங்க் நிறைய பெட்ரோல். அணைக்காமல் ஓட்டினால் விழுப்புரம் தாண்டிவிடலாம். இன்னும் ஒரு மணிக்கு மேல் பொறுத்துப் பார்த்துவிட்டு, மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கினேன்.

"உங்க ஆள் என் வண்டியோட ஓடிட்டான். நான் போலீஸுக்குப் போறேன்" என்று வாசலில் நின்று கத்தினேன். உள்ளே நுழைய இருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

மேற்பார்வையாளர் கைகூப்பாத குறையாக ஓடிவந்தார். "சார், உங்களுக்குத்தான் ரெண்டு மணி நேரமா போன் போட்டுக்கிட்டு இருக்கோம். யாரோ எடுத்து ராங் நம்பர்னு வெச்சிடறாங்க. வண்டி கிரவுண்டுலதான் சார் இருக்கு. எங்க ஆளு சாவியைத் தொலைச்சிட்டான். வண்டி ஸ்டார்ட்டும் ஆகல, லாக்கும் ஆகல."

லாக் ஆகாது. சாவி இல்லாமல் வெளியிலிருந்து பூட்ட முடியாது என்பது அந்த நிமிடம்தான் என் மண்டையில் உறைத்தது. திருடு போகாமல் இருக்க நான் செய்த ஏற்பாட்டில், வண்டி இரண்டு மணி நேரமாகத் தி. நகரில் திறந்து கிடந்திருக்கிறது.

"நீங்க கவலைப்படாதீங்க சார். அவனோட கார்டை வாங்கி வெச்சிட்டேன். இன்னியோட அவனுக்கு இங்க வேலை கிடையாது. ஓனர்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். அந்த அட்டை அவர் கையில்தான் இருந்தது, கயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தார்.

என் வலது பாக்கெட்டில் சாவி தொடையைக் குத்திக்கொண்டிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். போலீஸ் என்று கத்திய வாயின் ஈரம் இன்னும் காயவில்லை. "வண்டியைக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னேன். போகிற வழியில் நேர்மையாக அல்ல, சாமர்த்தியமாக ஒன்று யோசித்தேன். உள்ளே ஏறி உட்கார்ந்து தேடுகிறாற்போல் குனிந்து சாவியை சீட்டுக்கு அடியில் நழுவவிட்டு, நானே கண்டெடுத்துவிடலாம். அந்த ஆளுக்கும் வேலை போகாது, எனக்கும் மானம் போகாது.

காலி மனையில் பொட்டு நிழல் இல்லை. நீலச் சட்டைக்காரர் காருக்கு வெளியே டிரைவர் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். முதுகில் சட்டை ஈரமாக ஒட்டியிருந்தது. பைகளோடு என்னைத் தேடிக்கொண்டு பின்னாலேயே மூச்சு வாங்க வந்துவிட்ட என் மனைவி அவரைப் பார்த்ததும், "ஏம்ப்பா, கதவுதான் திறந்திருக்கே, உள்ள நிழலா உக்காந்திருக்கலாமே?" என்றாள்.

"வாணாம்மா. ஓனர் இல்லாதப்போ வண்டில குந்திக்கினு இருந்தா சந்தேகப்படுவாங்க. பூட்டலியே, வுட்டுட்டும் போவ முடியாது. அதான் நின்னுக்கினு கீறேன்." பிறகு என்னிடம், "கால்மிதி கீழ, சீட்டு கீழ, எல்லா எடமும் பாத்துட்டேன் சார். நான் தொலைக்கல சார். என் கைக்கே வர்ல" என்றார்.

"நானும் பார்க்கறேன்" என்று இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். குனிந்தேன். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டேன். அதே சமயம் அவர், "ஸ்டார்ட்டே ஆவல சார், இதோ பாருங்களேன்" என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினார்.

வண்டி கிளம்பிவிட்டது.

ஏசி காற்று முகத்தில் அடித்தது. அவர் பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் இருந்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் பாக்கெட்டைப் பார்த்தார். என் கை இன்னும் அதற்குள்தான் இருந்தது.

வெளியிலிருந்து மேற்பார்வையாளர், "கெடச்சிடுச்சா? எங்கடா இருந்துச்சி?" என்றார்.

டிரைவர் சீட்டில் இருந்தவர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நான் கையை எடுத்துச் சாவியை டாஷ்போர்டில் வைத்தேன். "என் பாக்கெட்லதான் இருந்தது" என்றேன்.

"அட, மறந்துட்டீங்களா சார்?" மேற்பார்வையாளர் சிரித்தார். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். பரவால்ல சார்."

"ஆமா. மறந்துட்டேன்."

அட்டை நீலச் சட்டைக்காரர் கைக்குத் திரும்பி வந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மன்னிச்சுக்கோப்பா என்றேன். "அய்ய, இருக்கட்டும் சார்" என்றார். கதவைச் சாத்துவதற்கு முன், கோபமே இல்லாமல் சொன்னார்: "சாவி உள்ளதான் கீதுன்னு ரெண்டு தபா சொன்னீங்களா, அதான் தேடிக்கினே இருந்தேன்."

தேனாம்பேட்டை தாண்டினோம். மனைவி புடவைப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த மனிதருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுக்கக்கூடத் தோன்றவில்லையே என்று அப்போதுதான் நினைத்தேன். பின் சீட்டில் எங்கள் பாட்டில் மூடி திறக்காமல் அப்படியே கிடந்தது. இரண்டரை மணி நேரம் அவர் அதற்கு ஒரு கை தூரத்தில் நின்றிருக்கிறார்.

லஸ் சிக்னலில் வண்டி நின்றது.

"பால் பாக்கெட் போடறவர் ஒரு நாள் தேதி மாத்திச் சொன்னதைப் பத்து வருஷம் கழிச்சு எடுத்துச் சொல்றவர் நீங்க" என்றாள் மனைவி. "சாவியை மறந்துட்டேன்னு அங்க சொன்னேளே, அதை நானும் நம்பணுமா?"

நான் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருடம் என் எதிரே தலையைக் குனிந்தவர்களில் எத்தனை பேர் உண்மையைச் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.