டிரைவரும் கொழுக்கட்டையும்

தார்நாகா ஆய்வகத்தில் முப்பது வருடம் கருவிகளைப் பழுதுபார்த்த ஜகதீசன், 2008இல் தன் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டார். பூட்டில்லாத வைஃபை உடனே கிடைத்தது. பாஸ்வேர்ட் போட்ட வீட்டு வைஃபை மட்டும் ஏற்கவில்லை. வைஃபையை இயக்கும் மென்பொருளான வயர்லெஸ் டிரைவர்தான் கோளாறு என்று நான்கு நாள் மாற்றி மாற்றிப் போட்டார். இணையத்தில் முகம் தெரியாத ஒருவர் அலுக்காமல் வழி சொன்னார்.

ஐந்தாம் நாள் ஜகதீசன், "கே, ஓ, எல், யு..." என்று முணுமுணுத்தபடி தட்டினார். பாஸ்வேர்ட் வைத்த மனைவி பட்டு சிரித்துவிட்டாள்.

"கொழுக்கட்டைக்கு 'எல்' எழுத்தா போடறீங்க? இசட், ஹெச்!"

ஜகதீசனின் மதுரைக்கார வாய்க்கு அது என்றும் கொளுக்கட்டைதான். திருத்தியதும் இணைப்பு வந்தது.

முகம் தெரியாதவருக்கு எழுதினார்: "ஐயா, நீங்கள் தந்த டிரைவரில் குறையில்லை, குறை என் நாக்கில். பொறுத்ததற்கு நன்றி."

பிறகு பட்டுவிடம் திரும்பி, நன்றிக்குப் பதிலாக, "கொழுக்கட்டை" என்றார். ழகரம் சுத்தமாக விழுந்தது.